உங்களிடம் இல்லாத நுண்ணோக்கியில் வேலை செய்வது எப்படி: லேசர் நுண்ணோக்கி மையங்களுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

நல்ல லேசர் நுண்ணோக்கி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைக்க எல்லா ஆய்வகங்களாலும் முடியாது. வாங்கினாலும் லேசரைச் சீராகப் பராமரிக்கவும், வந்து குவியும் தரவைக் கையாளவும் முழுநேர ஆள் வேண்டும். அதனால்தான் இந்தக் கருவிகளை ஓரிடத்தில் பொதுவாக வைத்து, வெளியாட்களுக்கும் திறந்துவிடும் மையங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன. ஆய்வு மாணவர், சிறிய கல்லூரியின் ஆசிரியர், பூச்சு தயாரிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் என யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் கேட்காமலே இருந்துவிடுகிறவர்கள் அதிகம். "அதெல்லாம் பெரிய ஆட்களுக்கு" என்ற நினைப்பு ஒரு காரணம். எங்கே தொடங்குவது என்று தெரியாதது இன்னொரு காரணம்.

இந்த மையங்களுக்கு நான் பயனராகப் போயிருக்கிறேன். பிறகு புதிதாக வருகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உதவியும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அங்கே கிடைக்கும் நான்கு நாள் எப்படிப் போகும் என்பது, போவதற்கு முந்தைய இரண்டு மாதத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல், கருவியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றித்தான் இருக்கும்.

முதல் வேலை: கேள்வியை ஒரு வரியில் எழுதுவது

"எங்களுக்கு ஸ்டெட் நுண்ணோக்கியில் படம் வேண்டும்" என்று கேட்டு வரும் கடிதங்கள் ஏராளம். ஸ்டெட் என்பது ஒரு கருவியின் பெயர்; அது கேள்வி இல்லை. எதைப் பார்க்க வேண்டும், அது எவ்வளவு பெரியது, உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு வேகமாக நகர்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது: இந்த ஐந்துக்கும் பதில் எழுதிப் பாருங்கள். எந்தக் கருவி வேண்டும் என்பது பெரும்பாலும் அதிலிருந்தே தெரிந்துவிடும்.

உதாரணமாக, "இந்த இரண்டு புரதங்களும் சேர்ந்து இருக்கின்றனவா?" என்று ஒருவர் கேட்கிறார். சேர்ந்து என்றால் எவ்வளவு நெருக்கமாக? செல்லின் ஒரே உள்ளுறுப்புக்குள் இருந்தால் போதும் என்றால் கன்ஃபோகல் என்ற சாதாரண லேசர் நுண்ணோக்கியே காட்டிவிடும். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால், லேசர் பட்டால் ஒன்று பச்சையாகவும் மற்றது சிவப்பாகவும் ஒளிரும்படி சாயம் போட்டு எடுத்த படத்தில் அவை கலந்து மஞ்சளாகத் தெரிவது சான்றே ஆகாது. ஒரு மஞ்சள் புள்ளியின் அகலமே 200 நானோமீட்டர். அதற்குள் பல பத்துப் புரதங்கள் ஒன்றையொன்று தொடாமலே இருக்கலாம். அப்படிப்பட்ட கேள்விக்கு 1 முதல் 10 நானோமீட்டர் நெருக்கத்தில் மட்டும் ஒரு சாயத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும் ஃப்ரெட் என்ற ஆற்றல் பரிமாற்றத்தை அளக்க வேண்டும். கேள்வியில் ஒரு சொல் மாறினால் கருவியே மாறிவிடுகிறது.

தொழில்துறைக் கேள்விக்கும் இதே கதைதான். "எங்கள் களிம்பு ஏன் பிரிந்துபோகிறது?" என்பதை, "இரண்டு வாரம் வைத்திருந்தால் எண்ணெய்த் துளிகளின் அளவு மாறுகிறதா, மாறினால் எந்த நாளிலிருந்து?" என்று மாற்றி எழுதினால், அதை அளக்க ஒரு வழி கிடைக்கும்.

எந்தக் கருவி எதற்கு

ஒளியைக் கொண்டு எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1873-இல் எர்ன்ஸ்ட் ஆபே காட்டினார். ஒளியின் அலைநீளத்தை லென்ஸின் எண் துளையின் (எவ்வளவு அகலமான கோணத்தில் அது ஒளியை வாங்குகிறது என்பதைச் சொல்லும் எண்) இரு மடங்கால் வகுத்தால் அந்த எல்லை வரும். 500 நானோமீட்டர் ஒளி, 1.4 எண் துளை கொண்ட எண்ணெய் லென்ஸ் (கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பது) என்றால் சுமார் 180 நானோமீட்டர். நடைமுறையில் 200 முதல் 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பக்கவாட்டில். மேலிருந்து கீழாகப் பார்த்தால் 500-க்கும் மேலே போய்விடும்.

இந்த எல்லைக்குள் நிற்பதுதான் கன்ஃபோகல். லேசரை ஒரு புள்ளியில் குவித்து, மாதிரியின் மேல் வரிவரியாக ஓட்டி, குவியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஒளியைச் சின்ன ஊசித்துளையால் மறைத்துவிடும். இந்த அமைப்புக்கான காப்புரிமைக்கு மார்வின் மின்ஸ்கி 1957-இல் விண்ணப்பித்தார். அப்போது ஆய்வகங்களில் லேசரே கிடையாது. லேசரும் கணினியும் வந்த பிறகுதான் இது பரவலானது. நேர்மையாகச் சொல்கிறேன்: மேம்பட்ட கருவி வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்குச் சரியாக அமைத்த கன்ஃபோகல் ஒன்றே போதும். அதை முதலில் முயன்று பாருங்கள்.

திசுவுக்குள் ஆழமாகப் போக வேண்டுமானால் இரட்டை ஃபோட்டான் நுண்ணோக்கி. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரின் மிகச் சிறிய துடிப்புகளை அனுப்பி, சாயத்தின் ஒரே மூலக்கூறு இரண்டு ஃபோட்டான்களை ஒரே நேரத்தில் வாங்கும்படி செய்வார்கள். இப்படி நடக்கலாம் என்று மரியா கோப்பெர்ட் மாயர் 1931-இலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். நுண்ணோக்கியில் அதைச் செய்து காட்டியது 1990-இல். மூளைத் திசுவில் சில நூறு மைக்ரோமீட்டர் ஆழம் வரை தெளிவாகப் பார்க்கலாம். வளரும் கருவையோ, முழு மீன்குஞ்சையோ பல மணி நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டும், அது செத்துப்போகவும் கூடாது என்றால் லைட் ஷீட். பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய ஒளித்தகட்டைச் செலுத்தி, அந்த ஓர் அடுக்கை மட்டும் ஒளிரவைக்கும். மற்ற அடுக்குகளுக்கு வீணாக ஒளி போவதில்லை.

ஆபேயின் எல்லைக்குக் கீழே போகும் வழிகளுக்காக எரிக் பெட்சிக், ஸ்டெஃபான் ஹெல், வில்லியம் மோர்னர் மூவருக்கும் 2014-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டெட் என்பது குவிந்த புள்ளியைச் சுற்றி வளையம் போல இன்னொரு லேசரை அடித்து, ஓரத்தில் இருக்கும் ஒளிர்வை அணைத்துவிடும் முறை. செல்களில் 50 நானோமீட்டர் அளவில் பார்க்கலாம். பால்ம், ஸ்டார்ம் ஆகிய முறைகள் ஒவ்வொரு மூலக்கூறையும் தனித்தனியே மினுக்கவிட்டு, ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து அவற்றின் இடத்தைக் கணக்கிடும்; 20 நானோமீட்டர் வரை வரும். சிம் என்பது கோடுகோடான ஒளியைப் போட்டு எல்லையை ஏறக்குறைய பாதியாகக் குறைப்பது. நூறு நானோமீட்டர் போதும், சாயத்தை மாற்ற மனமில்லை என்றால் அதுதான் நிம்மதியான தேர்வு.

படத்தின் நுணுக்கம் கூடுவதற்குப் பதிலாக வேறொரு தகவலைத் தரும் கருவிகளும் உண்டு. ஃப்ளிம் என்பது சாயம் எத்தனை நானோநொடி ஒளிர்கிறது என்று அளக்கும். சுற்றியுள்ள அமிலத்தன்மை, பாகுத்தன்மை, பக்கத்துப் புரதம் எல்லாம் அந்த நேரத்தில் தெரியும். ராமன், கார்ஸ் வகைக் கருவிகளுக்குச் சாயமே தேவையில்லை. மூலக்கூறு அதிர்வதை வைத்து இது கொழுப்பு, இது மருந்துத் துகள், இது பாலிமர் என்று சொல்லிவிடும். தொழில்துறை மாதிரிகளுக்குச் சாயம் போட்டால் பொருளின் குணமே மாறிவிடும் என்பதால், அங்கிருந்து வருகிறவர்கள் இவற்றைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

எந்தக் கதவைத் தட்டுவது

முதலில் பக்கத்தில் பாருங்கள். பெரிய பல்கலைக்கழகங்களிலும் ஆய்வு நிறுவனங்களிலும் பொது நுண்ணோக்கி அறை இருக்கும். மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு வெளியாட்களையும் விடுவார்கள். கன்ஃபோகல், இரட்டை ஃபோட்டான் அளவுக்கு இது போதும். பயணச் செலவு மிச்சம், மாதிரி கெட்டுப்போகாது, தவறு நடந்தால் அடுத்த வாரமே திரும்பப் போகலாம்.

அதைத் தாண்டியதுதான் தேசிய, பன்னாட்டு மையங்கள். இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மத்திய லேசர் மையம் நடத்தும் ஆக்டோபஸ் என்ற தொகுதியில் ஒற்றை மூலக்கூறு, மிகைப்பிரிதிறன் (ஆபேயின் எல்லைக்குக் கீழே பார்ப்பது), ஃப்ளிம் என்று பல வகைக் கருவிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. யூரோ பயோஇமேஜிங் 2019-இல் முறையாகத் தொடங்கிய ஐரோப்பியக் கூட்டமைப்பு. தலைமையிடம் ஃபின்லாந்தின் துர்க்கு நகரம். ஒரே இணைய வாசலில் விண்ணப்பித்தால் பல நாட்டு மையங்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த நாட்டவரும், நிறுவனங்களும் கேட்கலாம். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜெனீலியா வளாகத்தில் இருக்கும் மேம்பட்ட படமாக்க மையம், சந்தைக்கு இன்னும் வராத கருவிகளை வெளி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடுவதற்காகவே உருவானது.

நுழையும் வழிகள் மூன்று வகை. ஒன்று, விண்ணப்பம் எழுதி, வல்லுநர் குழு மதிப்பிட்டு, தேர்வானால் கருவி நேரம் பெறுவது. இதில் முடிவுகளை ஆய்விதழில் வெளியிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. பல மையங்களில் கருவிக்குக் கட்டணம் இருக்காது, சிலவற்றில் இருக்கும். இரண்டு, முழுக் கட்டணம் கட்டுவது. வெளியிட வேண்டியதில்லை, தரவு உங்களுக்கே சொந்தம். நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. மூன்று, மையத்தின் ஆய்வாளர்களோடு கூட்டாகச் செய்வது. அவர்களுக்கும் உங்கள் கேள்வியில் ஆர்வம் இருந்தால் மட்டுமே இது நடக்கும். இருந்தால் மிக நல்ல வழி. இவற்றோடு, ஓரிரு நாள் மட்டும் கொடுத்து "இது முடியுமா" என்று பார்க்கவிடும் சோதனை நேரமும் சில இடங்களில் உண்டு. முதன்முறை போகிறவர்கள் அதைத்தான் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்துக்கு முன்னால் ஒரு கடிதம்

பலர் தவறவிடும் படி இதுதான். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால், அந்தக் கருவியைக் கவனித்துக்கொள்ளும் ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தயங்க வேண்டாம்; இப்படி எழுதுகிறவர்களை அவர்கள் விரும்புகிறார்கள். சரியில்லாத மாதிரியோடு வந்து நான்கு நாளை வீணாக்கும் பயனரைவிட, முன்கூட்டியே பத்துக் கேள்வி கேட்கும் பயனர் அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: "மனிதச் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் உள் மடிப்புகள் மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் விரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். செல்கள் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தியவை. கன்ஃபோகலில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். மடிப்புகள் பிரிந்து தெரியவில்லை. இப்போது பயன்படுத்தும் சாயம் அலெக்ஸா ஃப்ளூர் 488. ஸ்டெட்டுக்கு இது ஒத்துவருமா, வேறு சாயத்துக்கு மாற வேண்டுமா? எத்தனை நாள் தேவைப்படும் என்று நினைக்கிறீர்கள்?"

இணைத்த படம்தான் இதில் பெரிய விஷயம். அது சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. மாதிரி ஒளிர்கிறதா, பின்னணி எவ்வளவு, செல் ஆரோக்கியமாக இருக்கிறதா என்று அனுபவமுள்ள கண்ணுக்கு அதிலேயே தெரியும். "உங்களுக்கு ஸ்டெட் வேண்டாம், இதைச் செய்யுங்கள்" என்று பதில் வந்தால் வருத்தப்படாதீர்கள். அது உங்களுக்கு ஆறு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது.

விண்ணப்பம்

மதிப்பிடும் குழுவில் உங்கள் துறைக்காரர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இயற்பியலாளர் படித்தாலும் புரியும்படி எழுதுங்கள். அவர்கள் தேடுவது நான்கு விஷயம்: கேள்வி முக்கியமானதா, இந்தக் கருவி இல்லாமல் முடியாதா, மாதிரி தயாராக இருக்கிறதா, கேட்கும் நேரம் நியாயமானதா. முதலாவதை எல்லோரும் நன்றாக எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பங்கள் விழுவது மூன்றாவதிலும் நான்காவதிலும்தான்.

நேரத்தை எப்படிக் கணக்கிடுவது? நான்கு சூழ்நிலைகள், ஒவ்வொன்றும் மூன்று முறை, முறைக்குப் பத்துச் செல்கள் என்றால் 120 செல்கள். செல் ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் 24 மணி நேரம். இதோடு கருவியை அமைக்க, மாதிரி மாற்ற, நல்ல செல்லைத் தேட மூன்றில் ஒரு பங்கு சேருங்கள்: 32 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் நான்கு நாள். இந்தக் கணக்கை அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். வெறுமனே "ஒரு வாரம் வேண்டும்" என்று கேட்பவரைவிட, இப்படிக் கணக்குக் காட்டுகிறவர் மேல் குழுவுக்கு நம்பிக்கை வரும். செல்லுக்கு 12 நிமிடம் என்பது எங்கிருந்து வந்தது என்றால், அந்தக் கடிதத்துக்கு வந்த பதிலிலிருந்து.

பல மையங்கள் ஆண்டுக்கு ஓரிரு முறைதான் விண்ணப்பம் வாங்கும். விண்ணப்பித்ததிலிருந்து கருவியின் முன்னால் உட்காரும் வரை பல மாதங்கள் ஆகலாம். உங்கள் ஆய்வுக் காலம் முடிய எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப முன்னதாகவே தொடங்குங்கள்.

மாதிரி: வேலையின் கனமான பகுதி

மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப் ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். பார்ப்பதற்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் நல்ல லென்ஸ்கள் பெரும்பாலும் 0.17 மில்லிமீட்டர் தடிமனுக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. டப்பாவின் மேல் "1.5" என்று எழுதியிருப்பதுதான் அந்தத் தடிமன். "1" என்று இருந்தால் மெல்லியது, "2" என்றால் தடித்தது. மிகைப்பிரிதிறன் வேலைக்குத் தடிமன் இன்னும் சீரான "1.5 எச்" வகையை வாங்குங்கள். டப்பாவில் இருக்கும் இந்த ஓர் எண்ணைப் பார்க்காமல் விட்டால், கோடிக்கணக்கில் விலை போகும் கருவியும் மங்கலான படத்தைத்தான் தரும்.

அடுத்தது, செல்களைக் கவர்ஸ்லிப்பின் மேலேயே வளர்ப்பது. என் முதல் பயணத்தில் திசுத் துண்டுகளை ஸ்லைடின் மேல் ஒட்டி, அதன்மேல் தாராளமாகப் பதிவுப் பசையை (மாதிரியைக் கண்ணாடிக்கு இடையில் நிறுத்தும் தெளிந்த பசை) விட்டு, கடைசியில் கவர்ஸ்லிப்பை மூடி எடுத்துப் போயிருந்தேன். சாதாரண லென்ஸில் அழகாகத் தெரிந்தது. நூறு மடங்கு எண்ணெய் லென்ஸைப் போட்டதும் குவியமே கிடைக்கவில்லை. அந்த லென்ஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடிய தூரம் 0.13 மில்லிமீட்டர்தான், என் திசு அதற்கும் கீழே, பசையின் அடியில் கிடந்தது. லென்ஸ் கவர்ஸ்லிப்பை அழுத்தத் தொடங்கியதும், பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டு நாள் போய்விட்டது. அன்றிலிருந்து யாருக்கு உதவினாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "மாதிரி கண்ணாடியின் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது?" என்பதுதான்.

பசையின் ஒளிவிலகல் எண்ணும் லென்ஸுக்குப் பொருந்த வேண்டும். எண்ணெய் 1.518, தண்ணீர் 1.33. தண்ணீரில் இருக்கும் உயிருள்ள செல்லை எண்ணெய் லென்ஸால் பார்த்தால், கண்ணாடியை ஒட்டிய சில மைக்ரோமீட்டர் வரை நன்றாக இருக்கும். ஆழம் கூடக் கூடப் படம் நீண்டு மங்கிவிடும். உயிருள்ள மாதிரிக்கு நீர் லென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் அடிப்பாகம் உள்ள தட்டில் செல்களைக் கொண்டுவராதீர்கள், கண்ணாடி அடிப்பாகம் வேண்டும். செல் வளர்க்கும் திரவத்துக்கு நிறம் தரும் ஃபீனால் ரெட் தானும் கொஞ்சம் ஒளிரும். அது இல்லாத திரவத்துக்கு மாற்றுங்கள். குளூட்டரால்டிஹைடில் பதப்படுத்தினால் கட்டமைப்பு அருமையாக நிற்கும், ஆனால் மாதிரி முழுக்கத் தானே ஒளிரத் தொடங்கும். அதைத் தணிக்க சோடியம் போரோஹைட்ரைடு கழுவல் தேவைப்படும்.

சாயம் என்றால் கருவிக்குக் கருவி வேறு. கன்ஃபோகலில் அற்புதமாகத் தெரியும் சாயம் ஸ்டெட்டின் பலத்த லேசரில் சில நொடியில் வெளுத்துவிடலாம். ஸ்டார்முக்குச் சாயம் மினுக்க வேண்டும். அலெக்ஸா ஃப்ளூர் 647 அதற்குப் பேர்போனது, ஆனால் ஆக்சிஜனை அகற்றும் தனிக் கரைசலில்தான் ஒழுங்காக மினுக்கும். அந்தக் கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். யார் கலப்பது, ரசாயனம் அங்கேயே இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒப்பீட்டு மாதிரிகள். எந்தச் சாயமும் போடாதது ஒன்று. ஒவ்வொரு சாயமும் தனியாகப் போட்டது ஒவ்வொன்று. முதல் எதிர்ப்பொருள் (புரதத்தில் போய் ஒட்டுவது) இல்லாமல் இரண்டாம் எதிர்ப்பொருள் (சாயத்தைச் சுமந்து முதலாவதில் ஒட்டுவது) மட்டும் போட்டது ஒன்று. இவற்றைச் சலிப்பு தரும் கூடுதல் வேலையாக நினைக்கிறார்கள். இவை இல்லாமல் எடுத்த படத்தில் பச்சை வெளிச்சம் சிவப்புக் கண்டறியியில் கசிந்ததா, உண்மையிலேயே அங்கே புரதம் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் இரண்டு படி செய்து, ஒரு படியைப் பயணப் பெட்டியில் தனியாக வையுங்கள். கவர்ஸ்லிப் உடையும்.

பாதுகாப்பு

லேசர்களை ஆபத்தைப் பொறுத்து 1 முதல் 4 வரை வகைப்படுத்துகிறார்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கன்ஃபோகலில் உங்கள் கண்ணுக்கு நேரடி ஆபத்து குறைவு. ஆராய்ச்சி மையங்களில் திறந்த மேசையில் அமைத்த 4-ஆம் வகை லேசர்கள் இருக்கும். அவற்றிலிருந்து எதன்மேலாவது பட்டுச் சிதறிய ஒளியே விழித்திரையைச் சுட்டுவிடலாம். இரட்டை ஃபோட்டான் லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால் இன்னும் கவனம். பயிற்சி முடியாமல் அறைக்குள் விடமாட்டார்கள். அந்தப் பயிற்சிக்கு முதல் நாளில் பாதி போகும், அதையும் கணக்கில் சேருங்கள். கைக்கடிகாரம், மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கிருமி, மனித ரத்தம், நச்சு ரசாயனம் எதுவாக இருந்தாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். அங்கே போய் வாசலில் சொன்னால் மாதிரி உள்ளே போகாது.

கருவியின் முன்னால்

லேசரும், மாதிரியின் வெப்பத்தைக் காக்கும் பெட்டியும் நிலைப்பட ஒரு மணி நேரமாவது வேண்டும். அதுவரை குவியம் மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் அருமையான மாதிரியை வைக்காதீர்கள். 100 நானோமீட்டர் ஒளிர்மணிகள் ஒட்டிய ஸ்லைடை வையுங்கள். மணி வட்டமாகத் தெரிகிறதா, மேலும் கீழும் போகும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்குகிறதா, வெவ்வேறு நிறங்களில் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். வால் முளைத்தது போல ஒரு பக்கம் நீண்டிருந்தால், லென்ஸின் திருத்த வளையத்தையோ (கவர்ஸ்லிப்பின் தடிமனுக்கேற்பத் திருகிச் சரிசெய்வது) கவர்ஸ்லிப்பையோ சரிபார்க்கச் சொல்லுங்கள். இந்த மணிப் படத்தைச் சேமித்து வையுங்கள். பின்னால் ஆய்விதழின் மதிப்பீட்டாளர் நிறங்களின் ஒத்திசைவைப் பற்றிக் கேட்டால் பதில் அதில் இருக்கும்.

பிறகு உங்கள் மாதிரி. முதலில் மிகக் குறைந்த லேசர் சக்தி. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். படத்தில் எந்தப் புள்ளியும் அளவின் உச்சியில் முட்டக் கூடாது. முட்டிய புள்ளிகளை நிறம் மாற்றிக் காட்டும் வசதி பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு, அதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசித்துளையை ஒரு ஏரி (Airy) அலகில், அதாவது குவிந்த ஒளிப்புள்ளியின் அகலத்தில் வையுங்கள். பிக்ஸல் அளவு, நீங்கள் எதிர்பார்க்கும் பிரிதிறனில் பாதிக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்: 200 நானோமீட்டருக்கு 80 அல்லது 90. அதைவிடப் பெரிதானால் நுணுக்கம் தொலையும், மிகச் சிறிதானால் வீணாகச் சாயம் வெளுக்கும். இரண்டு நிறங்களை ஒரே நேரத்தில் எடுக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள். நேரம் கூடும், கசிவு குறையும்.

ஒப்பீட்டு மாதிரிக்கும் சோதனை மாதிரிக்கும் அமைப்பு துளியும் மாறக் கூடாது. அதிகம் ஒளிரும் மாதிரியை வைத்து அமைப்பை முடிவு செய்யுங்கள். மங்கலானதை வைத்து அமைத்தால் மற்றது உச்சியில் முட்டும். மங்கலான படத்தைப் பார்த்ததும் சக்தியை ஏற்றக் கை துறுதுறுக்கும். ஏற்றினால் அந்தக் கணத்திலேயே ஒப்பீடு போய்விடும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மணி, மாதிரி எண், கோப்பின் பெயர், கண்ணில் பட்டது என்று எழுதிக்கொண்டே போங்கள். நான்காம் நாள் இரவில் "இது எந்த மாதிரி?" என்று யோசிக்கும்போது அதன் அருமை தெரியும்.

தரவு

512-க்கு 512 பிக்ஸல், 16 பிட் என்றால் ஒரு படம் அரை மெகாபைட். ஸ்டார்மில் ஒரு செல்லுக்கு 20,000 படம் எடுப்பது சாதாரணம்; அதுவே 10 கிகாபைட். நூற்றிருபது செல்லுக்கு 1.2 டெராபைட். லைட் ஷீட்டில் ஒரே இரவில் அதைத் தாண்டிவிடலாம். எனவே வட்டு எடுத்துப் போங்கள், இரண்டாக எடுத்துப் போங்கள், நகலெடுக்கவே சில மணி நேரம் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கருவி தரும் மூலக் கோப்பை அப்படியே சேமிக்க வேண்டும். லேசர் சக்தி, லென்ஸ், பிக்ஸல் அளவு எல்லாம் அதற்குள்தான் பதிந்திருக்கும். ஜேபெக்காக மாற்றிய படத்தில் அளவீடு செய்யக் கூடாது, அது எண்களைச் சிதைத்துச் சுருக்குகிறது. திறந்து பார்க்கவும் அளக்கவும் ஃபிஜி என்ற இலவச மென்பொருள் போதும். நுண்ணோக்கி நிறுவனங்கள் ஆளுக்கொரு வடிவத்தில் சேமிக்கும் கோப்புகளில் பெரும்பாலானவற்றை அது படித்துவிடும். போவதற்கு முன்பே அதைப் பழகிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்திலிருந்து வருகிறீர்கள் என்றால்

மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும். கூடுதலாகச் சில விஷயங்கள். மாதிரியின் உட்பொருளை மையத்துக்குச் சொல்லியாக வேண்டும். வணிக ரகசியம் என்று மறைத்தால் பாதுகாப்புக் குழு அனுமதிக்காது. அதனால் முதல் விரிவான பேச்சுக்கு முன்பே ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், இலவச வழியில் போகாதீர்கள். வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் கழுத்தைப் பிடிக்கும். தரவு யாருக்குச் சொந்தம், மையத்தின் ஆட்கள் யோசனை சொல்லி அதிலிருந்து கண்டுபிடிப்பு பிறந்தால் என்ன செய்வது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் தெளிவாகப் பேசுங்கள்.

நீங்கள் ஆளே அனுப்ப வேண்டியதில்லை என்ற ஏற்பாடும் சில மையங்களில் உண்டு. மாதிரியை அனுப்பினால் அவர்களே அளந்து அறிக்கை தருவார்கள். உலோகம், பீங்கான், அச்சிட்ட தகடு போன்றவற்றின் மேற்பரப்புச் சொரசொரப்பை அளக்க லேசர் கன்ஃபோகல் இருக்கிறது; அதற்கு ஐஎஸ்ஓ 25178 என்ற பன்னாட்டுத் தரம் உண்டு. அறிக்கையில் எந்த அளவுருக்கள் வேண்டும், எந்த வடிகட்டி போட வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்தால், உங்கள் வாடிக்கையாளரிடம் அந்த அறிக்கை அப்படியே செல்லும். களிம்பு, பூச்சு, மாத்திரை போன்றவற்றுக்கு முதலில் ஒரே ஒரு நாள் சோதனைக்குக் கேளுங்கள். நல்ல தொகுதியிலிருந்து ஒன்று, கெட்டுப்போன தொகுதியிலிருந்து ஒன்று. இரண்டுக்கும் வித்தியாசம் கருவியில் தெரிகிறதா என்பதுதான் அந்த நாளின் ஒரே கேள்வியாக இருக்கட்டும். தெரியாவிட்டால் பெரிய திட்டத்துக்குப் பணம் போட வேண்டாம்.

கிளம்பும் முன்னும் பின்னும்

கடைசி நாளில் கருவி நேரத்தின் கடைசி நிமிடம் வரை படம் எடுக்காதீர்கள். ஒரு மணி நேரம் விட்டு வையுங்கள். லென்ஸின் எண்ணெயை லென்ஸ் காகிதத்தால் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. எப்படி என்று கேட்டுச் செய்யுங்கள். வட்டில் இருக்கும் கோப்புகளில் ஐந்தாறை உங்கள் மடிக்கணினியில் திறந்து பாருங்கள். பாதியில் நின்றுபோன நகல் ஊருக்குப் போன பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பல மையங்கள் தரவைச் சில வாரங்களே வைத்திருந்து அழித்துவிடும். எவ்வளவு நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுரை எழுதும்போது மையத்தின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் நன்றியுரையில் போடுங்கள். அடுத்த கருவிக்குப் பணம் கேட்கும்போது மையம் காட்டுவது அந்தப் பட்டியலைத்தான். மையத்தின் ஆய்வாளர் கருவியை இயக்கியதோடு நிற்காமல், சோதனையை வடிவமைக்கவோ முடிவுகளைப் பகுத்தாயவோ உழைத்திருந்தால் அவர் ஆசிரியர்களில் ஒருவர். அந்தப் பேச்சை முதல் வரைவு எழுதும் முன்பே பேசிவிடுங்கள். பயண அறிக்கை கேட்பார்கள். எந்தச் சாயம் வேலை செய்யவில்லை, எந்த மாதிரி நகர்ந்துகொண்டே இருந்தது என்பதையும் அதில் எழுதி அனுப்புங்கள். அடுத்த முறை நீங்கள் நேரம் கேட்கும்போது குழுவின் கையில் அந்த அறிக்கைதான் இருக்கும்.